ஒரே பெட்டி: மேலே ஆத்தங்குடிக் கல், கீழே தேக்கு உத்திரம். முகத்துக்கு முகம் வேறு டெக்ஸ்ச்சர் (பரப்பில் ஒட்டும் படம்) போடுவது எப்படி?

திண்ணை | சனி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக ஓப்பன்சிம் என்கிற முப்பரிமாண மெய்நிகர் உலகத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டைக் கட்டி வருகிறேன். முகப்பு முடிந்தது, வளவு முடிந்தது, இப்போது மாடிக்கு வந்திருக்கிறேன். மாடித் தளம் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் கனம். மேலே நடப்பவருக்கு ஆத்தங்குடிக் கல் தெரிய வேண்டும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தேக்கு உத்திரங்கள் தெரிய வேண்டும். ஓரத்தில் சுண்ணாம்புப் பூச்சு.

பெட்டியைத் தேர்ந்தெடுத்து, டெக்ஸ்ச்சர் தாவலில் கல் படத்தை வைத்தால் ஆறு பக்கமும் கல்லாகிவிடுகிறது. அதனால் மூன்று மெல்லிய பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன்: மேலே கல், நடுவில் பூச்சு, கீழே மரம். பார்க்கச் சரியாக இருந்தாலும் ஓரங்களில் இரண்டு படங்களும் மாறி மாறி மின்னுகின்றன. சுவர்களையும் இப்படியே உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரட்டையாகக் கட்டியதில் வீடு 430 பிரிம் (பெட்டி, உருளை போன்ற அடிப்படைக் கட்டுமானத் துண்டு) ஆகிவிட்டது. இன்னும் பின்கட்டு பாக்கி இருக்கிறது.

ஒரே பெட்டியில் மூன்று படமும் போட வழி உண்டா? இன்னொன்று: ஓரப் பக்கத்தில் படம் நசுங்கிப்போய்த் தெரிகிறது. அதை எப்படிச் சரிசெய்வது?

ரசமட்டம் | சனி, இரவு 9.52

வழி இருக்கிறது, எளிதும்கூட. பெட்டி பிரிமுக்கு ஆறு முகங்கள். ஒவ்வொரு முகமும் தனக்கென்று ஒரு படம், ஒரு நிறம், ஒளிபுகும் அளவு, மடங்கு, சுழற்சி எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். இதே மாதிரி மெய்நிகர் உலகமான செகண்ட் லைஃபில் 2003 முதல் இப்படித்தான். ஓப்பன்சிம்மும் அதே வகை வியூவர்களை (உலகத்தைத் திரையில் காட்டும் மென்பொருள்) பயன்படுத்துவதால் அங்கும் இதே முறைதான்.

நீங்கள் பெட்டி முழுவதையும் தேர்ந்தெடுத்த நிலையில் படத்தை மாற்றியிருக்கிறீர்கள், அதனால்தான் ஆறு பக்கமும் மாறியது. கட்டும் சாளரத்தின் மேல்பகுதியில், நகர்த்து, சுழற்று என்கிற தேர்வுகளுக்குப் பக்கத்தில் 'முகத்தைத் தேர்ந்தெடு' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்திவிட்டு மேல்பக்கத்தைக் கிளிக் செய்யுங்கள். அந்த ஒரு முகத்தின்மேல் மட்டும் குறி விழும். இப்போது கல் படத்தை வைத்தால் அங்கே மட்டும் ஒட்டும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு நான்கு ஓரங்களையும் கிளிக் செய்தால் நான்கும் சேர்ந்து தேர்வாகும், பூச்சை ஒரே தடவையில் போட்டுவிடலாம். இன்வென்டரியிலிருந்து (உங்கள் பொருள் இருப்பு) படத்தை இழுத்து ஒரு முகத்தின்மேல் போட்டாலும் அந்த முகம் மட்டும் மாறும்.

அடுத்தது நசுங்கல். தொடக்கத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் மடங்கு 1, 1 என்று இருக்கும். அதாவது முழுப் படத்தையும் அந்த முகத்துக்குள் ஒரு முறை அடக்கு என்று பொருள். 6 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள முகத்தில் ஒரு சதுரப் படத்தை அடக்கினால் நசுங்கத்தான் செய்யும்.

படம் நிஜத்தில் எத்தனை மீட்டரைக் காட்டுகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். 10 அங்குல ஆத்தங்குடிக் கல் நான்கை வரிசையாக வைத்தால் 101.6 சென்டிமீட்டர், ஏறக்குறைய 1 மீட்டர். அதனால் நாலுக்கு நாலு, பதினாறு கற்கள் உள்ள படத்தை 1 மீட்டர் சதுரம் என்று எடுத்துக்கொள்ளலாம். மேல் முகத்துக்கு மடங்கு 6, 4. பூச்சுப் படமும் 1 மீட்டர் என்றால் நீள ஓரத்துக்கு 6, 0.3, அகல ஓரத்துக்கு 4, 0.3. மடங்கு ஒன்றுக்குக் கீழே போகலாம், படத்தின் ஒரு பட்டை மட்டும் தெரியும். பலர் இதைத் தெரியாமலே வருடக்கணக்கில் கட்டுகிறார்கள்.

கீழ் முகத்தில் உத்திரத்தின் திசையைக் கவனியுங்கள். நிஜ வீட்டில் உத்திரம் குறுகலான பக்கத்தைத் தாண்டித்தான் கிடக்கும், உங்கள் அறையில் அது 4 மீட்டர் பக்கம். படத்தில் வேறு திசையில் இருந்தால் சுழற்சியில் 90 பாகை கொடுங்கள். சுழற்றியதும் இரண்டு மடங்கு எண்களும் இடம் மாற வேண்டியிருக்கும்.

திண்ணை | சனி, இரவு 11.30

வேலை செய்கிறது! மூன்று பெட்டியில் இரண்டை அழித்துவிட்டேன். மின்னலும் போய்விட்டது. உத்திரத்தைத் திருப்பிய பிறகு கீழே நின்று பார்த்தேன். இவ்வளவு நாளும் அந்தக் கூரை ஏன் பொருந்தாமல் தெரிந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. நீளவாக்கில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு சின்ன மனக்குறை. கல் தரை அச்சடித்த துணி மாதிரி இருக்கிறது. ஒரே கல்லின் படத்தை எடுத்துப் பதினாறாக ஒட்டித்தான் செய்தேன்.

ரசமட்டம் | ஞாயிறு, காலை 7.15

அங்கேதான் ஆத்தங்குடிக் கல்லின் உயிர் போகிறது. அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் கூழைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கையால் ஊற்றுவதால் ஒரு பூவின் இதழ் ஒரு கல்லில் சற்றுத் தடிக்கும், அடுத்ததில் மெலியும். பதினாறு வேறு கற்களின் படம் கிடைத்தால் அதை வைத்துச் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் இருக்கும் ஒரே கல்லை கிம்ப் மென்பொருளில் நான்கு பிரதி எடுத்து, ஒவ்வொன்றின் நிறத்தையும் வெளிச்சத்தையும் மிகக் கொஞ்சமாக மாற்றி, திருப்பித் திருப்பி அடுக்குங்கள். அந்தக் கொஞ்சமே போதும்.

பளபளப்பும் அந்தக் கண்ணாடித் தகட்டிலிருந்து வருவதுதான். மேல் முகத்துக்கு மட்டும் பளபளப்பைக் கூட்டி, பூச்சுக்கும் மரத்துக்கும் சுழியாக விடுங்கள். அதுவும் முகத்துக்கு முகம் தனி.

தூக்குக்குண்டு | ஞாயிறு, காலை 10.05

சுவருக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். வெளியே வெள்ளை, உள்ளே மஞ்சள் என்றால் இரட்டைச் சுவர் தேவையே இல்லை, ஒரே பெட்டியின் எதிரெதிர் முகங்கள் போதும். இன்னும் ஒரு படி மேலே போகலாம். பெட்டியைக் குடைந்தால் உள்ளே ஏழாவதாக ஒரு முகம் பிறக்கும். 'பாத் கட்' அமைப்பால் பெட்டியில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் வெட்டிய இடத்தில் இரண்டு முகங்கள் கூடும். ஆக ஒரு பெட்டி பிரிமில் அதிகபட்சம் 9 முகங்கள். கிணற்றடித் தொட்டி, மாடக்குழி, சின்னச் சேமிப்பறை எல்லாம் குடைந்த ஒரே பிரிமில் முடிந்துவிடும். குடைந்த உள்பக்கம் முழுவதும் ஒரே முகம் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. உள்ளே நான்கு சுவருக்கும் நான்கு நிறம் கேட்டால் கிடைக்காது.

உருளைக்கு மூன்று முகம்: மேல், கீழ், சுற்று. கோளத்துக்கு ஒன்றுதான். ஸ்கல்ப்டி எனப்படும் செதுக்கு பிரிமுக்கும் ஒன்றே ஒன்று.

ஒரு எச்சரிக்கை. முதலில் வடிவத்தை முடியுங்கள், அப்புறம் படம் ஒட்டுங்கள். படம் ஒட்டிய பெட்டியைப் பிறகு குடைந்தாலோ வெட்டினாலோ முகங்களின் எண் வரிசை மாறும், கல் போட்ட இடத்தில் மரம் வந்து நிற்கும். ஒரு மண்டபத்துக்கு இரண்டு நாள் படம் ஒட்டிவிட்டு, கடைசியில் வாசல் வெட்டியபோது எனக்கு இதுதான் நடந்தது. அன்று இரவு முழுக்கத் திரும்ப ஒட்டினேன்.

கரண்டி | ஞாயிறு, மதியம் 2.40

எல்லாம் சரி, ஆனால் இந்தக் காலத்தில் பிரிமில் ஏன் சிரமப்பட வேண்டும்? செகண்ட் லைஃபில் 2011 முதலே மெஷ் (வெளியே செய்து ஏற்றும் பலகோண வடிவம்) இருக்கிறது, ஓப்பன்சிம்மிலும் வந்துவிட்டது. பிளெண்டர் என்கிற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் மாடித் தளம், உத்திரம், தாங்குகட்டை எல்லாவற்றையும் நிஜமான வடிவமாகவே செய்யலாம். படத்தில் உத்திரம் வரைந்தால் பக்கவாட்டில் பார்க்கும்போது தட்டையாகத்தான் இருக்கும்.

பல படம் போடுவது பிளெண்டரிலும் எளிது. மெட்டீரியல் பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி மூன்று இடங்களை உருவாக்குங்கள்: கல், பூச்சு, மரம். எடிட் நிலைக்குப் போய், முகத் தேர்வில் மேல் முகங்களைத் தேர்ந்தெடுத்து, கல் மெட்டீரியலைக் காட்டி 'அசைன்' அழுத்துங்கள். மற்றவற்றுக்கும் அப்படியே. பிறகு யூவி விரிப்பு, அதாவது வடிவத்தின் பரப்பைப் படத்தின்மேல் தட்டையாக விரிப்பது. மெஷ்ஷை உள்ளே ஏற்றியதும் ஒவ்வொரு மெட்டீரியலும் ஒரு 'முகம்' ஆகிவிடும். பிளெண்டரில் ஆயிரம் பலகோணங்கள் மர மெட்டீரியலில் இருந்தாலும் உள்ளே அவை சேர்ந்து ஒரே முகம். ஒரு மெஷ்ஷுக்கு இப்படி 8 முகங்கள் வரை.

ஏற்றும்போது வருகிற ஒரு பிழை எல்லோரையும் ஒருநாள் அழவைக்கும்: தொலைவுக்கான எளிய வடிவத்தின் மெட்டீரியல்கள் முதன்மை வடிவத்தோடு பொருந்தவில்லை என்று வியூவர் நிறுத்திவிடும். கிட்டத்தில் பார்க்கும் வடிவத்தில் கல், பூச்சு, மரம் என்று மூன்று இருந்தால், தூரத்து வடிவத்தில் அவற்றுக்குப் புறம்பாகப் புதிய பெயர் ஒன்று இருக்கக்கூடாது. எளிய வடிவத்தைத் தனிக் கோப்பில் புதிதாகச் செய்தால் பெயர் மாறித் தொலைகிறது. மூல வடிவத்தையே பிரதி எடுத்துக் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு மெட்டீரியலுக்கும் குறைந்தது ஒரு முக்கோணத்தையாவது அதில் விட்டுவைக்கிறேன், அப்போது எந்தத் தகராறும் வருவதில்லை.

அப்புறம் நிழல். பிளெண்டரில் வெளிச்சம் வைத்துப் படத்தையும் நிழலையும் சேர்த்து ஒரே படமாக 'பேக்' செய்துவிடலாம். மூலையில் இருள் படிந்து, உத்திரத்தின் கீழே நிழல் விழுந்து, வீடு நிஜமாகவே எழுந்து நிற்கும். மூன்று படத்தின் வேலையை ஒரே படம் பார்த்துக்கொள்ளும்.

ரசமட்டம் | ஞாயிறு, மாலை 6.20

கரண்டி சொல்கிற மெஷ் முறையை நான் மறுக்கவில்லை. உத்திரத்தை வடிவமாகச் செய்யுங்கள் என்பது மிகச் சரி. பேக் செய்த ஒரே படம் என்பதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

6 மீட்டர் சுவர் முழுவதையும் 1024 பிக்சல் அகலமுள்ள ஒரே படமாக பேக் செய்தால் ஒரு மீட்டருக்குக் கிடைப்பது 170 பிக்சல். 1 மீட்டரைக் காட்டும் 512 படத்தை ஆறு முறை மடித்து (அடுத்தடுத்துத் திரும்ப வைத்து) ஒட்டினால் ஒரு மீட்டருக்கு 512 பிக்சல். மூன்று மடங்கு தெளிவு, படமோ நான்கில் ஒரு பங்கு. பக்கத்தில் போய் நின்றால் முதல் சுவர் கலங்கலாக இருக்கும், இரண்டாவதில் கொத்தனார் கரண்டியால் இழுத்த கோடுகூடத் தெரியும்.

நினைவகத்தையும் பாருங்கள். 1024க்கு 1024 படம், ஒளிபுகும் தடத்தோடு (எந்த இடம் எவ்வளவு ஒளிபுகும் என்று குறிக்கும் அடுக்கு) சேர்த்தால் கிராஃபிக்ஸ் கார்டில் 4 எம்பி. 512 என்றால் 1 எம்பி. தூரத்துக்கான சிறிய பிரதிகளையும் சேர்த்தால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடும். கோப்பாக இருக்கும்போது 200 கேபி இருந்தால் என்ன, திரையில் வரும்போது முழுதாக விரிந்துதான் தீரும். ஒவ்வொரு சுவருக்கும் தனியாக பேக் செய்தால் பன்னிரண்டு சுவருக்குப் பன்னிரண்டு படம். சுண்ணாம்புப் பூச்சுப் படம் ஒன்று இருந்தால் வீட்டில் உள்ள எல்லாச் சுவருக்கும் அதுவே வரும். வியூவர் அதை ஒரு முறைதான் இறக்கும், எத்தனை முகத்தில் ஒட்டினாலும் நினைவகத்தில் ஒரே பிரதிதான்.

எனக்கு இது வெறும் எண் விவகாரம் இல்லை. போன வருடம் ஒரு கண்காட்சிக்கு நான் கட்டிய கோயில் மண்டபத்தைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் பழைய மடிக்கணினி வைத்திருந்தவர்கள். எல்லாத் தூணிலும் தனித்தனி 1024 படம் ஒட்டியிருந்தேன். அவர்கள் சாம்பல் நிறத் தூண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். என் கணினியில் அழகாக இருந்த ஒன்றை அவர்கள் யாருமே பார்க்கவில்லை. அதற்குப் பிறகு படங்களை எண்ணாமல் நான் எதையும் கட்டுவதில்லை.

கரண்டி | ஞாயிறு, இரவு 8.45

பிக்சல் கணக்கை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. பெரிய சுவரை பேக் செய்வது வீண்தான். நாற்காலி, குத்துவிளக்கு, ஊஞ்சல் போன்ற சிறிய சாமான்களுக்கு பேக், சுவருக்கும் தரைக்கும் மடித்து ஒட்டும் படம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வழி இருக்கிறது, திண்ணை அக்காவுக்கு அது நிச்சயம் உதவும். ஒரே படத்தைக் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரித்துக்கொள்வது. மேல் பட்டையில் உத்திரத்தின் மரம், அடுத்ததில் கதவுச் சட்டத்தின் செதுக்கு வேலை, அதற்குக் கீழே சுவரோரப் பூ பார்டர், கடைசியில் படிக்கல்லின் விளிம்பு. ஒவ்வொரு பட்டையும் இடமிருந்து வலமாக முடிவில்லாமல் ஓடும்படி வரைய வேண்டும். வீட்டில் நீளமாக ஓடுகிற எல்லாமே இந்த ஒரு படத்திலிருந்து வந்துவிடும். பிளெண்டரில் யூவியை அந்தந்தப் பட்டையின்மேல் நகர்த்தி வைத்தால் போதும்.

பிரிமிலும் முடியும். நான்கு சம பட்டைகள் என்றால் செங்குத்து மடங்கை 0.25 ஆக்கி, நகர்வை மாற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு பட்டையாகத் தெரியும். நகர்வு படத்தின் நடுவிலிருந்து கணக்கிடப்படுவதால் எண்கள் 0.375, 0.125, கழித்தல் 0.125, கழித்தல் 0.375 என்று வரும். பட்டைகளுக்கு இடையில் சில பிக்சல்கள் அதே நிறத்தை நீட்டி விடுங்கள். இல்லாவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கும்போது பக்கத்துப் பட்டையின் நிறம் விளிம்பில் கசியும்.

தூக்குக்குண்டு | ஞாயிறு, இரவு 9.30

இதில் ஒரு வரம்பு உண்டு, சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். படத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்து ஒரு கட்டத்தை மட்டும் எடுத்தால் அதை மடித்து ஓடவிட முடியாது, மடித்தால் பக்கத்துக் கட்டம் உள்ளே வந்துவிடும். பட்டையாகப் பிரித்தால் நீளவாக்கில் மட்டும் ஓடும். தரைக் கல் போல இரண்டு பக்கமும் ஓட வேண்டியதற்குத் தனிப் படம் வேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்லாவற்றையும் ஒரே படத்தில் திணித்தவர்கள் கடைசியில் தரையைத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மழைச்சாரல் | திங்கள், காலை 6.50

குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். இந்த இழையை இரவு முழுக்கப் படித்தேன். எனக்கு வேறு மாதிரிச் சிக்கல். சுவரின் அடியில் ஈரம் ஏறிப் பாசி படிந்திருக்க வேண்டும், மேலே போகப் போக வெள்ளைச் சுண்ணாம்பாக மாற வேண்டும். அதாவது ஒரே முகத்தில் இரண்டு படம் ஒன்றுக்குள் ஒன்று கரைய வேண்டும். தரையில் மணல் புல்லாக மாறுவது இயல்பாக நடக்கிறதே, சுவரில் ஏன் முடியவில்லை?

ரசமட்டம் | திங்கள், காலை 8.10

நல்ல கேள்வி. தரை தனி ஏற்பாடு. ஒரு ரீஜனின் (அந்த உலகின் ஒரு நிலப்பகுதி) நிலத்துக்கு நான்கு படங்கள் உண்டு, நிலத்தின் உயரத்தைப் பார்த்து வியூவரே அவற்றை ஒன்றோடொன்று கரைக்கிறது. மற்ற பொருள்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரு முகம், ஒரு படம். கூடவே மேடுபள்ளம் காட்டும் படமும் பளபளப்புக்கான படமும் வைக்கலாம், அவை எல்லாம் அதே பரப்பின் குணங்கள்தான். இரண்டாவது நிறப் படத்துக்கு இடம் கிடையாது.

எனக்குத் தெரிந்து மூன்று வழிகள். முதலாவது, கிம்ப்பில் சுண்ணாம்பை ஒரு அடுக்காகவும் பாசியை அதன்மேல் ஒரு அடுக்காகவும் வைத்து, பாசியை மேல்நோக்கி மங்கச் செய்து ஒரே படமாகச் சேமிப்பது. படம் நீளவாக்கில் மட்டும் மடியும், உயரத்தில் சுவர் முழுவதற்கும் ஒரு முறை. 3 மீட்டர் சுவருக்கு இது போதும்.

இரண்டாவது, சுவருக்கு முன்னால் ஒரு மெல்லிய பிரிம் வைத்து, அதில் ஒளிபுகும் பின்னணியில் பாசி மட்டும் உள்ள படத்தை ஒட்டுவது. மற்ற ஐந்து முகங்களையும் முழுக்க ஒளிபுகவிட வேண்டும். பாசிக்கறையை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்பது இதன் நன்மை. சுவரோடு சரியாக ஒட்டி வைத்தால் திண்ணை சொன்ன அந்த மின்னல் இங்கேயும் வரும். இரண்டு பரப்பும் ஒரே இடத்தில் இருந்தால் எது முன்னால் என்று கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தெரியாது. ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளுங்கள்.

மூன்றாவது, சுவரை இரண்டு பிரிமாகப் பிரிப்பது: கீழே அடித்தளம், மேலே சுவர். நிஜக் கட்டடத்திலும் அங்கே ஒரு எல்லை இருக்கத்தான் செய்கிறது. கருங்கல் அடித்தளம் முடிந்து செங்கல் தொடங்கும் இடம் அது. இரண்டு பொருள் சந்திக்கும் இடத்தைக் கட்டடத்திலேயே தேடிப் பாருங்கள், பாதி நேரம் கரைக்க வேண்டிய தேவையே இருக்காது.

தூக்குக்குண்டு | திங்கள், காலை 9.00

இரண்டாவது வழிக்கு ஒரு சேர்க்கை. ஒளிபுகும் படங்கள் இரண்டு முன்பின்னாக வந்தால் வியூவர் சில கோணங்களில் வரிசையைத் தவறாக எடுக்கும். ஜன்னல் கண்ணாடிக்கு முன்னால் பாசி வைத்தால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். கொடி, இலை, ஜன்னல் கம்பி போல விளிம்பு தெளிவாக உள்ளவற்றுக்கு ஒளிபுகல் முறையை 'மாஸ்க்கிங்' என்று மாற்றுங்கள், அந்தத் தொல்லை இருக்காது. பாசி மாதிரி மெல்ல மங்கும் படத்துக்கு அது ஒத்துவராது, விளிம்பு வெட்டினாற்போல் ஆகிவிடும்.

ஒளிபுகல் தேவையில்லாத படத்தை அந்தத் தடமே இல்லாமல், 24 பிட்டாகச் சேமியுங்கள். தடம் இருந்தால், முழுக்க அடர்த்தியான சுவரைக்கூட வியூவர் கண்ணாடி மாதிரி நடத்தத் தொடங்கும்.

மழைச்சாரல் | திங்கள், மாலை 5.30

முதல் வழியில் செய்தேன். பாசி இவ்வளவு இயல்பாக வரும் என்று நினைக்கவில்லை. மிக்க நன்றி அண்ணா. இன்னொரு ஆசை: பார்வையாளர் சுவரைத் தொட்டால் அதன் நிறம் மாற வேண்டும். ஸ்கிரிப்ட்டில் உள்பக்கத்தை மட்டும் மாற்ற முடியுமா?

தூக்குக்குண்டு | திங்கள், இரவு 7.15

முடியும். எல்எஸ்எல் (இந்த உலகங்களில் பொருள்களை இயக்கும் நிரல் மொழி) ஸ்கிரிப்ட்டில் டெக்ஸ்ச்சரை மாற்றும் கட்டளை இரண்டு விவரங்கள் கேட்கும்: படம் எது, முக எண் எது. எண்கள் சுழியிலிருந்து தொடங்கும். சாதாரணப் பெட்டியில் மேல் முகம் 0, அடி முகம் 5, சுற்றுப் பக்கங்கள் 1 முதல் 4 வரை. கழித்தல் 1 கொடுத்தால் எல்லா முகமும் மாறும். குடைந்த பெட்டி, மெஷ் என்று வந்துவிட்டால் எண்ணை ஊகிக்க வேண்டாம். தொட்ட முகத்தின் எண்ணைச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. அதை வைத்து நான்கு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, பொருளுக்குள் போட்டுவிட்டு ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுப் பாருங்கள், எண் அரட்டையில் வரும். குறித்துக்கொண்டு அந்த ஸ்கிரிப்ட்டை எடுத்துவிடலாம்.

மாறும்போது புதிய படம் முதலில் சாம்பலாகவும் கலங்கலாகவும் வரும், பிறகுதான் தெளியும். அந்தப் படங்களை முன்கூட்டியே ஒரு சின்னப் பிரிமின் முகங்களில் ஒட்டி, அறைக்குள்ளேயே எங்காவது கண்ணில் உறுத்தாத இடத்தில் வைத்துவிடுங்கள். பார்வையாளர் அறைக்கு வந்ததுமே இறங்கிவிடும், மாறும்போது தாமதம் தெரியாது.

செகண்ட் லைஃபில் செய்பவர்களுக்கு: படம் ஏற்றப் பொதுவாகக் கட்டணம் உண்டு. மடங்கு சரியா, விளிம்பு சேர்கிறதா என்று பார்க்க ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். படத் தேர்வு சாளரத்தில் 'லோக்கல்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. உங்கள் கணினியில் உள்ள படத்தை அதில் சேர்த்தால் உங்கள் திரையில் மட்டும் தெரியும். கிம்ப்பில் திருத்திச் சேமித்ததும் சுவரில் தானாக மாறும். முடிவான பிறகு ஒரே ஒரு முறை ஏற்றினால் போதும்.

திண்ணை | புதன், இரவு 10.20

மூன்று நாள் வேறு எதையும் செய்யவில்லை. எல்லா இரட்டைச் சுவரையும் ஒற்றையாக்கினேன். உத்திரங்களை மட்டும் பிளெண்டரில் வடிவமாகச் செய்து ஏற்றினேன், கரண்டி சொன்னது உண்மைதான், நிழல் விழுகிறது. 430 பிரிம் 170 ஆகிவிட்டது. படங்களை எண்ணினேன்: கல், பூச்சு, ஓடு, கருங்கல், பட்டைப் படம் ஒன்று, இன்னும் ஆறு. மொத்தம் 11. முன்பு 40க்கு மேல் இருந்தன, அவற்றில் பாதி ஒரே சுண்ணாம்பின் வெவ்வேறு பிரதிகள்.

என் அம்மாவின் பழைய மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். வளவுக்குள் நடக்க முடிகிறது. அம்மா தரையைப் பார்த்துவிட்டு, இது எந்த வீட்டுக் கல் என்று கேட்டார்.

தூண்தான் மிச்சம். வளவைச் சுற்றி எட்டு மரத்தூண்கள், ஒவ்வொன்றும் 3 மீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் விட்டம். அடியில் மேல்நோக்கிக் குறுகும் சதுரக் கல். அந்தக் கல்லில் படம் சாய்ந்து இழுபடுகிறது. தூணில் ஒரு பக்கம் மேலிருந்து கீழாக ஒரு கோடு தெரிகிறது.

ரசமட்டம் | புதன், இரவு 10.55

கல்லுக்கு: பக்க முகங்கள் நான்கையும் தேர்ந்தெடுத்து, மேப்பிங் (படம் பரப்பில் விழும் முறை) என்கிற இடத்தில் 'பிளேனர்' என்று மாற்றுங்கள். படம் முகத்தின் வடிவத்தோடு இழுபடாமல் மீட்டர் கணக்கில் நேராக விழும். பெட்டியைப் பெரிதாக்கினாலும் கல்லின் அளவு மாறாது.

தூணில் பிளேனர் வேண்டாம், வளைந்த பரப்பில் அது உதவாது, வழக்கமான முறையே இருக்கட்டும். விட்டம் 0.3 என்றால் சுற்றளவு 0.94 மீட்டர். நீங்கள் கணக்கு சுத்தமாக வர வேண்டும் என்று கிடைமட்ட மடங்கில் 0.94 போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டால் படம் ஒரு சுற்று முடிவதற்குள் நின்றுவிடும், தொடக்கமும் முடிவும் சந்திக்கும் இடத்தில் கோடு விழும். சுற்றி வருகிற பரப்புக்கு முழு எண்தான் கொடுக்க வேண்டும். கிடைமட்டம் 1, செங்குத்து 3. மரத்தின் வரிகள் மேல்நோக்கி ஓடுகின்றனவா என்றும் பாருங்கள்.

திண்ணை | புதன், இரவு 11.08

0.94 தான் போட்டிருந்தேன்! 1 ஆக்கியதும் கோடு மறைந்துவிட்டது. ஒரு தூண் முடிந்தது, இன்னும் ஏழு. முடித்துவிட்டுப் படம் போடுகிறேன்.